எந்த ஊர்ல படிக்கிறது?

(பன்னிரண்டாம் வகுப்பும் இளங்கலையும் முடித்த மாணவர்களுக்காக ஆரம்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிஞர் என்று சொல்லி என்னை அறிமுகப்படுத்தினார்கள். இன்னைக்கு நான் கவிதை பேச வரல. வங்கிக் கவுண்டரில் உட்காருகிற கிளார்க்காக வந்திருக்கிறேன். ரிசல்ட் வந்து அட்மிஷன் தொடங்கினால் எங்கள் கவுண்டரில் கல்விக் கடன் ஃபாரம் கேட்டு வருகிறவர்கள் அதிகமாவார்கள். நம்ம சனமும் வருது. எந்தக் காலேஜுன்னு கேட்டா சொல்றாங்க. என்ன கோர்ஸுன்னு கேட்டா சொல்றாங்க. ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டா பைசா சுத்தமா சொல்றாங்க. "சரி, அந்த ஊர்ல எங்கப்பா தங்கப் போற?"ன்னு கேட்டா மட்டும் பையன் அப்பாவைப் பார்க்கிறான், அப்பா பையனைப் பார்க்கிறார்.

ஃபாரத்திலும் அப்படித்தான். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், கம்ப்யூட்டர், விடுதி என்று வரிசையாகக் கட்டம் போட்டிருப்பார்கள். ஊருக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. எந்தப் பாடம் எடுத்தா எந்த வேலை கிடைக்கும்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. எந்த ஊர்ல போய் உட்கார்ந்து படிக்கிறதுன்னு நமக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்கிறவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை என்பதுதான் காரணம். அவர்களுக்கு எல்லா ஊரும் ஊர்தான். மாமா வீடு இருக்கும், சித்தப்பா வீடு இருக்கும், சாதிச் சங்கம் கட்டின விடுதி இருக்கும். நமக்கு?

'ஊர்' என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்ம பாட்டி, "ஊருக்குள்ள போயிட்டு வரேன்"னு சொல்லும். அப்ப அது எங்க இருந்துச்சு? ஊருக்கு வெளியில. ஊர் வேற, சேரி வேற. நாம் பிறந்த இடம் ஊர் என்ற கணக்கிலேயே வரவில்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனா ரயில்ல பக்கத்து சீட்டுக்காரன் கேட்கிற கேள்வி எந்த ஆவணத்துல இருக்கு? "தம்பி எந்த ஊரு?" "ஆரம்பாக்கம்." "ஆரம்பாக்கத்துல எங்க?" இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் அவன் முதல் கேள்வியே கேட்டான். படிக்கப் போகிற இடத்திலும் இந்த ரெண்டாவது கேள்வி நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கல்லூரியை மட்டும் பார்த்தால் போதாது, கல்லூரி இருக்கிற ஊரையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இது இன்று வந்த பிரச்சினையும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அதில் சொல்கிறார். சுமார் நானூறு மாணவர்கள். பத்துப் பேர் தவிர எல்லாரும் பார்ப்பனர்கள். யாரோடும் பழகினால் சாதி தெரிந்துவிடுமே என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் வேக வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவரின் மாணவப் பருவம் ஓடி ஒளிவதில் கழிந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா நானும் அப்படி ஓடினவன்தான். அவருக்கு மணி. எனக்கு ரயில்.

எனக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. "விடுதியில சேர்த்தா எவன் எப்படி இருப்பானோ, தினமும் போய் வர்ற மாதிரி பார்த்துக்கோ"ன்னு எங்கப்பா சொன்னார். நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன், அதனால் சந்தோஷமாகச் சரி என்றேன். ரயிலில் போய் வருகிற தூரத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். மூணு வருஷம் சீசன் டிக்கெட். வகுப்பு முடிந்ததும், "ரயிலைப் பிடிக்கணும்டா"ன்னு சொல்லிட்டு ஓடிடுவேன். எவனோடும் டீ குடித்ததில்லை. எவன் வீட்டுக்கும் போனதில்லை, எவனையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. எந்த ஊருன்னு கேட்டா கும்மிடிப்பூண்டின்னு சொல்லுவேன். ஆரம்பாக்கம்னு சொன்னா ரெண்டாவது கேள்வி வந்துடும்னு பயம். ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்த அன்று ஒரு ஆசிரியர், "எஸ்.சி. எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். மூணு வருஷமாக மறைத்தது மூணு நொடியில் போய்விட்டது. அன்னைக்கும் யாரும் ஒண்ணும் பேசல. நானும் பேசல. அந்தக் கல்லூரியைப் பற்றி யார் கேட்டாலும், "அமைதியான காலேஜ், ஒரு பிரச்சினையும் கிடையாது"ன்னுதான் சொல்வாங்க. பல வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன், அவர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் அக்கா மகள் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டாள். எம்.ஏ. படிக்க ஆசை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வும் எழுதினாள். இப்போது அவள் முன்னால் மூன்று ஊர் இருக்கிறது. ஒன்று சென்னை, சேப்பாக்கத்தில் இருக்கிற சென்னைப் பல்கலைக்கழகம். இரண்டு திருவாரூர், அங்கே நீலக்குடியில் 2009இல் வந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். மூன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். மூன்றிலும் அவளுக்குப் பிடித்தது மூன்றாவது. நூலகத்தைப் பற்றிச் சொல்கிறாள், அங்கே இருக்கிற ஆசிரியர்களைப் பற்றிச் சொல்கிறாள்.

அக்கா ஒரே கேள்விதான் கேட்டது. "ஏண்டா, அந்தப் பையன் செத்துப்போன ஊருக்கா என் பொண்ணை அனுப்பச் சொல்றே?"

எந்தப் பையன் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? இதோ, இந்த மாலை வகுப்புச் சுவரில் ரோஹித் வெமுலாவின் படம் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான். அந்தப் படத்தை ஒட்டினவன் நான். கீழே தேதி எழுதினவனும் நான்: 17 ஜனவரி 2016. பிள்ளைகள் தெரிஞ்சுக்கணும், கோபப்படணும்னு ஒட்டினேன். அம்மாக்கள் அதைப் பார்த்துப் பயந்துபோனார்கள். பத்து வருஷமாக நாம் ஒட்டுகிற படங்கள், போடுகிற கூட்டங்கள், நம் பெற்றோர்களுக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கின்றன என்று இயக்கத்தில் இருக்கிற நாம் யோசிக்கவே இல்லை. அக்காவின் கேள்விக்கு அன்னைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்னைக்குக் கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அக்கா, உன் கணக்கு என்ன? சாவு நடந்ததாகச் செய்தி வந்த ஊர் கெட்ட ஊர், செய்தி வராத ஊர் நல்ல ஊர். இதுதானே? இந்தக் கணக்கு தப்பு. நான் படித்த கல்லூரியும் செய்தியில் வந்ததே இல்லை.

ஹைதராபாத்தில் என்ன நடந்தது? ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். ரோஹித்துக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி. 2016 ஜனவரிக் குளிரில் அந்த ஐந்து பேரும் படுக்கையை எடுத்துக்கொண்டு வந்து வளாகத்திலேயே வெட்டவெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள், 'வெலிவாடா' என்று. பக்கத்து ஸ்டேஷன் தடாவில் ஆந்திரா ஆரம்பிக்கிற ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. சேரி. பல்கலைக்கழகம் என்கிற ஊருக்கு நடுவில் ஒரு சேரியைக் கட்டி, "பாருங்கள், எங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று" எனக் காட்டினார்கள். அதைக் காட்ட அங்கே அம்பேத்கர் மாணவர் சங்கம் இருந்தது. ரோஹித் போன பிறகு நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்ததற்கும் அந்தச் சங்கம்தான் காரணம். சங்கம் இல்லாத ஊரில் இதே அநியாயம் நடந்தால் அதற்குப் பெயர் 'சொந்தப் பிரச்சினை'. அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, பெட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஹைதராபாத்துக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 2008 பிப்ரவரியில் செந்தில்குமார் இறந்தார். சேலத்துப் பையன், நம்ம தமிழ்ப் பையன், ஆராய்ச்சி மாணவர். அங்கே மாணவர்கள் போராடினார்கள், விசாரணைக் குழு போட்டார்கள். இங்கே தமிழ்நாட்டில் நாம் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்? எட்டு வருஷம் கழித்து ரோஹித்தைத் தெரிந்துகொண்டுதான் பின்னோக்கிப் போய்ச் செந்தில்குமாரைத் தெரிந்துகொண்டோம். முத்துக்கிருஷ்ணனும் சேலம்தான். ஹைதராபாத்தில் படித்துவிட்டு டெல்லி ஜே.என்.யு.வுக்குப் போனவர், 2017 மார்ச்சில் டெல்லியில் இறந்தார். அக்கா பயப்படுவதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் பயமில்லாத ஊர் என்று எதைக் காட்டுவது? "திருவாரூர் நம்ம தமிழ்நாடுதானே, போய்ட்டு போகட்டும்" என்றது அக்கா. நம்ம தமிழ்நாடுதான். கீழ்வெண்மணியும் நம்ம தமிழ்நாடுதான். 1968 டிசம்பர் 25 ராத்திரி குடிசைக்குள்ளே 44 பேரை வைத்துக் கொளுத்தினார்களே, அது அதே பழைய தஞ்சை மாவட்டம். இதற்காகத் திருவாரூருக்குப் போகாதே என்றா சொல்கிறேன்? கிடையாது. கீழ்வெண்மணிக்குப் பயந்தா அங்கே சனம் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போச்சு? நின்னுச்சு. சங்கம் கட்டுச்சு.

"அப்ப சென்னை? வீட்டுல இருந்தே போய் வரலாமே?" சென்னையில் நம் காலத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2015 மே மாதம் ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். 2008 நவம்பர் 12 அன்று அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வாசலில் நடந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். போலீஸ் வேடிக்கை பார்த்ததையும் பார்த்தோம். அம்பேத்கர் பெயரில் இருக்கிற கல்லூரியின் பெயரில் அம்பேத்கரை மட்டும் விட்டுவிட்டு அடித்த ஒரு போஸ்டரில் தொடங்கியது என்பதைத் தொலைக்காட்சி காட்டவில்லை. அன்றைய அடிதடியை நான் நியாயப்படுத்தவில்லை, யார் மண்டை உடைந்தாலும் ரத்தம் ரத்தம்தான். அதற்கு அரசு கண்டுபிடித்த மருந்தைத்தான் பேசுகிறேன். நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியைப் பிரித்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது. மாணவர்கள் போராடியும் கேட்காமல் 2018இல் ஒரு பாதியைப் புதுப்பாக்கத்துக்கும் மறு பாதியை நம்ம திருவள்ளூர் மாவட்டம் பட்டறைபெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள்.

நம்ம மாவட்டத்துக்கே வந்துடுச்சுன்னு சந்தோஷப்படலாமா? கணக்குப் போடுங்கள். முன்னே நம்ம பையன் ஒரே ரயிலில் சென்னைக்குப் போய் இறங்கினால் பாரிமுனை கிட்டத்தில். கல்லூரியை ஒட்டி உயர்நீதிமன்றம். சாயந்தரம் ஒரு வக்கீலிடம் ஃபைல் தூக்கலாம், பஜாரில் பகுதிநேர வேலை பார்க்கலாம். இப்ப ரயில்ல போகணும்னா சென்னைக்குப் போய் வண்டி மாறி, திருவள்ளூர் வந்து இறங்கி, அங்கேயிருந்து பஸ் பிடிக்கணும். கல்லூரி அதே கல்லூரி, பட்டம் அதே பட்டம். ஊர் மாறியதும் அது வேறு கல்லூரியாகிவிட்டது. கோர்ட்டு கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. வீட்டில் காசு இருக்கிறவனுக்கு நஷ்டமில்லை, அவன் பைக்கில் போவான். கல்லூரி ஊரை ஒப்பிட்டுப் பார்க்கிறதுன்னா இதுதான். வளாகத்துல எத்தனை மரம் இருக்குன்னு பார்க்கிறது இல்லை.

சத்தம் வராத இடத்துக்கு இன்னும் ஒரு உதாரணம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி. நாட்டிலேயே முதல் வரிசை. தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்க்க சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2007இல் அது அறிக்கை கொடுத்தது. விடுதியில் தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் குறிப்பிட்ட ஒன்றிரண்டு தளங்களில் ஒதுங்கிக்கொண்டார்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. படிச்ச டாக்டர்கள் நடத்துகிற கட்டடத்துக்குள்ளேயே ஊர் ஒரு மாடி, சேரி ஒரு மாடி. குழு போகிற வரைக்கும் அது 'அமைதியான' விடுதி.

அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையையே ஊர்களின் கதையாகப் படிக்கலாம். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போகிறார். கொலம்பியாவில் படிக்கிறார், பிறகு லண்டன். 1917இல் உதவித்தொகை முடிந்து, ஒப்பந்தப்படி வேலை பார்க்க பரோடா வருகிறார். கொலம்பியாவில் படித்த அந்த மனிதருக்கு பரோடாவில் ஒரு அறை கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பார்சிப் பெயர் கொடுத்து பார்சி விடுதியில் தங்குகிறார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. ஒரு இந்து நண்பர், ஒரு கிறிஸ்தவ நண்பர், ரெண்டு பேரிடம் இடம் கேட்கிறார். ரெண்டு பேரும் சாக்குச் சொல்கிறார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய் ரயில் ஏறுகிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்த ஐந்து வருஷத்தில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தனக்கு மறந்துபோயிருந்தது என்றும் அதில் சொல்கிறார். அதே மனிதர், அதே படிப்பு. ஊர் மட்டும் வேறு.

நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு அவர் செய்தது. நல்ல ஊரைத் தேடிக்கொண்டு போய் அங்கேயே தங்கிவிடவில்லை. ஊரை உண்டாக்கினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950இல் மராத்வாடாவில், அன்றைய அவுரங்காபாத்தில் ஒரு கல்லூரி. அதுதான் மிலிந்த் கல்லூரி. நிஜாம் ஆட்சியில் கிடந்த, கல்லூரி அரிதான வறண்ட பகுதி அது. கிராமத்துச் சேரிகளிலிருந்து பிள்ளைகள் அங்கே வந்து குவிந்தார்கள். ஒரு தலைமுறை எழுத்தாளர்களும் போராளிகளும் அங்கே உருவானார்கள். 1978இல் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் சாதி இந்துக்கள் சேரிகளைக் கொளுத்தினார்கள். நம் மக்கள் பின்வாங்கவில்லை. 16 வருஷம். 1994 ஜனவரி 14 அன்றுதான் அந்தப் பெயர்ப்பலகை ஏறியது.

நம் பக்கத்திலும் உண்டு. சிதம்பரம் என்றதும் நந்தன் உள்ளே போக முடியாத ஊர் என்றுதான் நமக்கு நினைவு வரும். அந்த ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்ததே 1929இல்தான். பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னாலேயே அந்த ஊரில் நம் பிள்ளைகளுக்குத் தலைசாய்க்க ஒரு இடம் தயாராக இருந்தது. இப்படித்தான் ஊர்கள் நமக்கு ஊராகின்றன. தானாக எதுவும் ஆகாது.

இனி கிளார்க் வேலைக்கு வருகிறேன். ஊரை ஒப்பிடும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று கேட்டீர்கள். நோட்டு வைத்திருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லைக்கோடு. ஆரம்பாக்கம் பிள்ளைகளுக்குத் திருப்பதி ஒரு ஊர், நெல்லூர் ஒரு ஊர். தெலுங்கும் தெரியும். போகலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்துச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்து இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று 1990இல் உச்சநீதிமன்றம் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் மாநிலப் பல்கலைக்கழகம், அங்கே நம்ம சான்றிதழுக்கு ஒதுக்கீடு கிடையாது. அதே திருப்பதியில் 2015இல் வந்த ஐ.ஐ.டி. மத்திய நிறுவனம், அங்கே செல்லும். தடா தாண்டினா சாதி நம்மகூடவே வருது, சான்றிதழ்தான் எல்லையில நின்னுடுது. ஆனால் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டும், யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, படுக்க இடம். விடுதி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். வகுப்பு எந்தத் தேதி தொடங்குது, விடுதியில் அறை எந்தத் தேதி தருவாங்க? இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வாரங்களில்தான் நம்ம பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். வெளியில் அறை தேடினால் வீட்டுக்காரர், "வெஜிடேரியனா?" என்பார். அதுவும் அந்த ரெண்டாவது கேள்விதான், கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு வருது. அரசு விடுதி என்றால் நேரில் போய்ப் பாருங்கள். 2025 ஜூலையில் அரசு நல விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நல்லாயிருக்கு. கக்கூஸில் தண்ணி வருதா, ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறாங்க, அதைப் பாருங்கள். பெண் பிள்ளைகள் இன்னொன்றும் கேளுங்கள்: விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க, நூலகம் எத்தனை மணி வரைக்கும் இருக்கு? நூலகம் எட்டு மணி வரைக்கும் திறந்திருந்து விடுதிக் கதவு ஆறு மணிக்குப் பூட்டினால், அந்த நூலகம் உங்களுக்கு இல்லை.

மூன்றாவது, முதல் ஆறு மாசத்துச் செலவு. உதவித்தொகை தாமதமாகத்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸுக்கு முன்பணம் அன்றைக்கே கேட்பார்கள். கல்விக் கடன் 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டால், எழுதிக் கொடுங்கள் என்று சொல்லுங்கள், எழுதித் தர மாட்டார்கள். கட்டணத்தோடு விடுதி, சாப்பாட்டுச் செலவையும் சேர்த்து விண்ணப்பம் போடுங்கள். நம்ம ஆட்கள் கூச்சப்பட்டுக்கொண்டு ஃபீஸுக்கு மட்டும் கேட்கிறார்கள். பெண்ணோ பையனோ, அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாசம் 1000 ரூபாய் தருகிற திட்டங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு 2022இலும் ஆண்களுக்கு 2024இலும் வந்தவை. நீங்கள் சேர்கிற படிப்புக்கு, சேர்கிற ஊருக்கு அது பொருந்துமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, எல்லாத்தையும் விட முக்கியமானது: அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபோன் அடித்தால் எடுக்கிற ஒரு ஆள். சங்கம் இருக்கா? அம்பேத்கர் பெயரில் ஒரு படிப்பு வட்டமாவது இருக்கா? நம்ம பக்கத்து வக்கீல், நம்ம பக்கத்து வாத்தியார் யாராவது? சாதிப் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஆள் நியமிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012லேயே விதி போட்டது. சேர்ந்த முதல் வாரமே போய், "அந்த அதிகாரி யாருங்க?" என்று கேளுங்கள். ஆபீஸில் முழிக்கிற முழியிலேயே அது என்ன ஊர் என்று தெரிந்துவிடும்.

அக்காவும் நானும் இந்த நான்கையும் வைத்து மூன்று ஊருக்கும் கணக்குப் போட்டோம். சென்னைக்குப் பஸ், ரயில் உண்டு. கன்னிமரா நூலகம் உண்டு, கோட்டூர்புரத்து அண்ணா நூலகம் உண்டு. ஆனால் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகிற வண்டிகள்தான் அதிகம். போக வரக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். என்னை மாதிரியே, "ரயிலைப் பிடிக்கணும்"னு ஓடிக்கொண்டிருப்பாள். திருவாரூரில் செலவு குறைவு, ஆனால் எங்களுக்கு அங்கே ஒரு ஆள் கூடத் தெரியாது. ஹைதராபாத் தூரம். ஆனால் விசாரித்ததில் அங்கே சங்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் நம்பர் கிடைத்தது. அக்காவே பேசினது, தெலுங்கில். மறுமுனையில் ஒரு பெண், "அம்மா, ரயில் வர்ற நேரத்தைச் சொல்லுங்க, நாங்க ஸ்டேஷனுக்கு வரோம்" என்றிருக்கிறாள். அக்கா ஃபோனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்கல்ல, அவங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டது. போராடிக்கொண்டுதான் இருக்கிறார் என்று சொன்னேன்.

டிக்கெட் எடுத்தாச்சு. ஹைதராபாத் போகிற சார்மினார் எக்ஸ்பிரஸ் தினமும் நம்ம ஊர் வழியாகத்தான் போகிறது. இங்கே நிற்காது. வடக்கே போகிற வண்டியைப் பிடிக்க அவள் முதலில் தெற்கே சென்னைக்குப் போக வேண்டும். பரவாயில்லை, நான் கூடப் போய் ஏற்றிவிட்டு வருகிறேன். சரியான முடிவா என்று கேட்டால், தெரியாது. பயந்துகொண்டு எடுத்த முடிவு இல்லை, அது மட்டும் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவுக்குக் கிடைத்த அந்த ஃபோன் நம்பர், என் அப்பாவுக்கு அன்று கிடைத்திருந்தால் நான் வேறு ஆளாக வந்திருப்பேன். ஆகவே இன்றிலிருந்து இந்த மாலை வகுப்பில் ஒரு நோட்டு வைக்கிறோம். வங்கியில் லெட்ஜர் போட்டுப் பழகினவன் நான், கோடு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு ஊர். விடுதி எப்படி, வாடகை எப்படி, யார் என்ன கேட்கிறார்கள், யார் உதவுகிறார்கள், ராத்திரி யாருக்கு ஃபோன் பண்ணலாம். ஏற்கெனவே வெளியூரில் படிக்கிறவர்கள், படித்து முடித்தவர்கள், படிப்பை விட்டுவிட்டு வந்தவர்களும், முக்கியமாக அவர்கள், உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்களும் ஆளுக்கொரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நல்லதை மட்டும் எழுதாதீர்கள், பயமுறுத்தவும் எழுதாதீர்கள். இருக்கிறதை எழுதுங்கள்.

முதல் பக்கத்தில் ஹைதராபாத் என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். என் அக்கா மகள் போய்ச் சேர்ந்ததும் எழுதுவாள். இரண்டாவது பக்கத்தில் ஆரம்பாக்கம் என்று போட்டிருக்கிறேன். வெளியூர்ப் பிள்ளை ஒன்று, இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கோ, ஏரிக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சிக்கோ வந்து, "தங்க இடம் இருக்கா அண்ணே?" என்று கேட்டால் நாம் என்ன சொல்லப் போகிறோம்? அதையும் நாம்தான் எழுதணும்.

நோட்டு இந்த மேசை மேல் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. வாங்க.

ஜெய் பீம்.